நாற்பது எடுக்கிறோம், இருபத்தேழுதான் முடிகிறது

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறேன். சிறிய மருத்துவமனைகளுக்கும் லேப்களுக்கும் பில்லிங், ரிப்போர்ட் சாஃப்ட்வேர் செய்து தருகிறோம். டெவலப்பர் ஐந்து பேர், டெஸ்டர் இரண்டு பேர். இரண்டு வார ஸ்பிரின்ட், அதாவது இரண்டு வாரத்துக்கு ஒரு தவணையாக வேலையை எடுத்து முடிப்போம். ஒவ்வொரு வேலைக்கும் அதன் அளவைப் பார்த்து நாங்களே பாயின்ட் போடுவோம். ஒவ்வொரு முறையும் 40, 45 பாயின்ட் எடுக்கிறோம். முப்பதைத் தொடுவதே பெரும்பாடாக இருக்கிறது. மார்ச் முதல் ஜூன் வரை ஓட்டிய எட்டு ஸ்பிரின்ட்டின் கணக்கை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஆளாளுக்கு எத்தனை பாயின்ட் என்று டாஷ்போர்டு போட்டு ஹாலில் இருக்கும் டிவியில் ஓடவிடலாம் என்கிறார் எங்கள் எம்.டி. சார். சீனியர் அண்ணா ஒருவர் 3, 4 பாயின்ட்டுக்கு மேல் முடிப்பதில்லை. அவர் மேல்தான் சாருக்குக் கோபம் அதிகம். ஆனால் டீமில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் போகிறோம். மற்றவர்கள் எழுதிய கோடைச் சரிபார்க்கும் கோட் ரிவியூ முழுக்க அவர்தான். சென்னையில் சாருடைய நண்பரின் டீம் ஸ்பிரின்ட்டுக்கு 60 பாயின்ட் முடிக்கிறதாம். இதற்கு நடுவில் ராணிப்பேட்டையில் ஒரு மருத்துவமனைக்குக் காப்பீட்டு க்ளெய்ம் பகுதியை ஜூலை கடைசிக்குள் தருவதாகச் சொல்லியாகிவிட்டது. அது 120 பாயின்ட் வேலை. கையில் இருக்கும் இந்தக் கணக்கை வைத்து அடுத்த ஸ்பிரின்ட்டை எப்படித் திட்டமிடுவது?

— டீம் லீட், வேலூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பாயின்ட் கணக்கோடு நிற்காமல் லீவு ரெஜிஸ்டர், வேலைகளைக் குறித்துவைக்கும் ஜிரா மென்பொருளில் ஒவ்வொரு ஸ்டோரியும் (அதாவது ஒவ்வொரு தனி வேலையும்) நகர்ந்த தேதி எல்லாம் சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு விரிவாகப் பதில் எழுத முடிகிறது. வெறும் பாயின்ட் மட்டும் வந்திருந்தால் பொதுவாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்தியிருப்பேன்.

முதலில் எட்டு எண்களையும் பார்த்துவிடுவோம். நீங்கள் எடுத்தது வரிசையாக 40, 42, 40, 45, 40, 44, 42, 45. முடித்தது 29, 31, 22, 30, 33, 18, 28, 27. கூட்டினால் எடுத்தது 338, முடித்தது 218. நூற்றுக்கு அறுபத்து நாலு, அறுபத்தைந்து. எட்டு முறையில் ஒரு முறைகூட நாற்பதை நெருங்கவில்லை. அப்படியிருக்க ஒன்பதாவது ஸ்பிரின்ட்டுக்கும் நாற்பது என்ற எண் எங்கிருந்து வருகிறது? டீம் கொடுத்த எண் இல்லை அது. கிளையன்டுக்குச் சொன்ன தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வந்த எண்.

இது உங்கள் அலுவலகத்துக்கு மட்டும் உரிய நோய் இல்லை. மனிதர்கள் ஒரு வேலைக்கு எவ்வளவு காலமாகும் என்று கணிக்கும்போது, போன தடவை அதே மாதிரி வேலைக்கு எவ்வளவு ஆனது என்று நன்றாகத் தெரிந்திருந்தும் குறைத்தே சொல்கிறார்கள் என்று டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-லேயே எழுதினார்கள். இந்த முறை எல்லாம் சரியாக நடக்கும் என்று நம்புவது நம் இயல்பு. அதற்கு அவர்கள் சொன்ன மருந்து எளியது: கையிலிருக்கும் வேலையை மட்டும் உற்றுப் பார்த்துக் கணிக்காதே, இதே மாதிரி வேலைகள் இதற்கு முன் எப்படி முடிந்தன என்று பார். உங்கள் எட்டு எண்கள் அந்த மருந்துதான்.

சராசரி 27.25. பெரும்பாலான டீம் இந்த இடத்தில் சராசரியை எடுத்துக்கொண்டு எழுந்துவிடும். நீங்கள் இன்னும் ஒரு நிமிடம் செலவழித்து எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள்: 18, 22, 27, 28, 29, 30, 31, 33. இப்போது ஒரு கேள்வி கேட்கலாம். 30 பாயின்ட் எடுத்திருந்தால் எட்டில் எத்தனை முறை முடித்திருப்போம்? மூன்று முறை. 27 எடுத்திருந்தால்? ஆறு முறை. 22 என்றால் ஏழு முறை. 40 என்றால் ஒரு முறைகூட இல்லை. எம்.டி.யிடம் பேச உங்களுக்கு இந்த நாலு வரி போதும். "எங்களால் இவ்வளவுதான் முடியும் சார்" என்று நீங்கள் சொன்னால் அது முறையிடுவதுபோல ஆகிவிடும். "27 எடுத்தால் நாலுக்கு மூன்று தடவை சொன்னதைச் செய்கிறோம், 30 எடுத்தால் பாதிக்கும் மேல் தவறுகிறோம், எது வேண்டும் சார்?" என்று கேட்டால் முடிவு எடுக்கவேண்டியவர் அவர். தவறினால் என்ன நஷ்டம் என்று அவருக்குத்தான் தெரியும். தவறவே கூடாத ரிலீஸ் என்றால் 22 எடுக்கச் சொல்லட்டும். கொஞ்சம் முன்பின் ஆனால் பரவாயில்லை என்றால் 28 எடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. 33 வந்த ஐந்தாவது ஸ்பிரின்ட்டைக் காட்டி, "ஒரு தடவை முடிந்ததே, எப்போதும் ஏன் முடியாது?" என்று கேட்பார்கள். உங்கள் ஜிரா ஷீட்டைப் பாருங்கள். அந்த 33-இல் 8 பாயின்ட் நாலாவது ஸ்பிரின்ட்டில் முக்கால்வாசி முடிந்து, டெஸ்டிங்கில் நின்று, கேரி ஓவர் ஆகி, அதாவது முடியாமல் அடுத்த ஸ்பிரின்ட்டுக்குத் தள்ளப்பட்டு, வந்த ஸ்டோரி. வேலை நடந்தது நாலாவதில், பாயின்ட் விழுந்தது ஐந்தாவதில். அந்த வாரங்களில் யாரும் புதிதாகப் பறந்துவிடவில்லை. கேரி ஓவர் அதிகமாக உள்ள டீமில் எண்கள் இப்படித்தான் ஏறி இறங்கும். அதனால் மிக உயர்ந்த எண்ணை ஒருநாளும் இலக்காக வைக்காதீர்கள். 'பாதி முடிந்தது, பாதி பாயின்ட் போட்டுக்கொள்ளலாம்' என்ற யோசனைக்கும் இடம் கொடுக்காதீர்கள். டெஸ்டிங் முடிந்து, என்ன வேலை வேண்டும் என்று முடிவு செய்யும் பிராடக்ட் ஓனர் பார்த்து ஒத்துக்கொண்டால்தான் பாயின்ட்.

அடுத்து, குறைந்த இரண்டு எண்கள். 22 வந்த மூன்றாவது ஸ்பிரின்ட் ஏப்ரல் 1-ஐத் தாண்டி நடந்திருக்கிறது. மருத்துவமனை பில்லிங்கில் இருப்பவர்களுக்கு அந்த வாரம் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. புது நிதியாண்டு, புது பில் நம்பர் வரிசை, ஆடிட்டர் கேட்கும் ரிப்போர்ட். ஒவ்வொரு கிளையன்டும் போன் செய்திருப்பார்கள். இது அடுத்த ஏப்ரலிலும் வரும். இப்போதே காலண்டரில் எழுதி வைத்துவிடலாம்.

18 வந்த ஆறாவது ஸ்பிரின்ட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தேன். நடு மே மாதம். வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. உங்கள் டீமில் மூன்று பேர் குடியாத்தம் பக்கம். மூன்று மூன்று நாள் லீவு, ஆக 9. ஒருவர் வீட்டுக் கல்யாணம், 5 நாள். ஒருவருக்குக் காய்ச்சல், 3 நாள். மொத்தம் 17. ஏழு பேர், பத்து வேலை நாள், 70 ஆள்-நாளில் 53-தான் கிடைத்தது. மற்ற ஸ்பிரின்ட்களில் சராசரியாக 66 கிடைத்திருக்கிறது. 66-க்கு 53 என்றால் எண்பது சதவீதம். வழக்கமாக 28 முடிக்கும் டீம் எண்பது சதவீத ஆளோடு 22 முடிக்கலாம். நீங்கள் முடித்தது 18. ஆக, விழுந்த பத்து பாயின்ட்டில் ஆறுக்கு லீவு பதில் சொல்கிறது. மீதி நாலுக்கு வேறு எங்கோ காரணம் இருக்கிறது. உங்கள் ஷீட்டில் அந்த இரண்டு வாரத்தில் மட்டும் 'அர்ஜென்ட்' என்று 11 டிக்கெட் (கிளையன்ட் சரிசெய்யக் கேட்ட வேலை) வந்து விழுந்திருக்கிறது. எதற்கும் பாயின்ட் போடவில்லை.

இந்த அலசலை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், சிரசுத் திருவிழா ஒன்றும் திடீரென்று வந்துவிடவில்லை. பஞ்சாங்கத்தில் இருக்கிறது. வடாற்காட்டுப் பிள்ளைகளை வைத்து டீம் நடத்துகிறோம் என்றால் வைகாசி முதல் தேதியும், ஆடிக் கிருத்திகையும், பொங்கலும் நம் ஸ்பிரின்ட் கணக்கில் இருந்தே ஆகவேண்டும். அன்றைக்கு லீவு கேட்பவரைக் குற்றவாளி மாதிரி நிற்கவைத்துவிட்டு, திட்டத்தில் மட்டும் 44 எழுதுவது நியாயம் இல்லை. பிளானிங் மீட்டிங்கில் பேக்லாக்கை, அதாவது செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலைத் திறப்பதற்கு முன்னால் லீவைக் கேளுங்கள். ஆள்-நாளைக் கூட்டுங்கள். 60 நாள்தான் கிடைக்கும் என்றால் 27-ஐ 66-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்குங்கள், 24 வரும். அதற்கு மேல் எடுக்காதீர்கள்.

இதில் பலர் செய்யும் ஒரு தவறு உண்டு. "லீவுக்கு இவ்வளவு கழி, அர்ஜென்ட் வேலைக்கு இவ்வளவு கழி, மீட்டிங்குக்கு இவ்வளவு கழி" என்று 27-இலிருந்து கழித்துக்கொண்டே போவார்கள். 27 என்பதே அந்த இடைஞ்சல் எல்லாம் சேர்ந்து நடந்தபோது வந்த எண். வழக்கமான போன், வழக்கமான மீட்டிங், வழக்கமான ஒன்றிரண்டு லீவு எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டது. வழக்கத்துக்கு மேல் வருவதை மட்டும் கழித்தால் போதும்.

அர்ஜென்ட் டிக்கெட்டுக்குப் பாயின்ட் போடவேண்டாம். ஆனால் எத்தனை வந்தது, எந்தக் கிளையன்டிடமிருந்து, யார் எத்தனை மணி நேரம் பார்த்தார்கள் என்று ஷீட்டில் கூடுதலாக ஒரு பத்தி சேருங்கள். மூன்று ஸ்பிரின்ட் கழித்து அந்தப் பத்தி பேசும். ஒரே மருத்துவமனையிலிருந்து ஒரே மாதிரி ரீபண்ட் பில் பிரச்சினை திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்தால், அதைச் சரிசெய்வதையே ஒரு ஸ்டோரியாக அடுத்த ஸ்பிரின்ட்டில் முதலில் எடுங்கள். புது வசதி செய்வதைவிட டீமுக்கு அது பெரிய நிம்மதி. வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து, கிளையன்ட் போன் எல்லாம் அவருக்கே போகும்படி செய்தால் மற்ற நாலு டெவலப்பர் நிம்மதியாக உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

இனி நான் உங்கள் ஷீட்டில் மிக அதிக நேரம் பார்த்த இடத்துக்கு வருகிறேன்.

ஏழாவது ஸ்பிரின்ட்டில் 'லேப் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவது' என்று ஒரு ஸ்டோரி. 3 பாயின்ட். சின்ன வேலை. மூன்றாம் நாள் எடுத்தார்கள். மூன்றாம் நாள், நாலாம் நாள் என இரண்டு நாளில் கோட் முடிந்தது. ஐந்தும் ஆறும் ரிவியூவுக்குக் காத்திருந்தது. ஏழாம் நாள் ரிவியூ. எட்டும் ஒன்பதும் டெஸ்டிங்குக்குக் காத்திருந்தது. பத்தாம் நாள் டெஸ்டர் எடுத்தார். நோயாளியின் போன் நம்பர் இல்லாவிட்டால் ஸ்க்ரீன் அப்படியே நிற்கிறது என்று ஒரு பக் (பிழை) போட்டார். அன்றோடு ஸ்பிரின்ட் முடிந்தது. அடுத்த ஸ்பிரின்ட்டில் முதல் இரண்டு நாள் டெவலப்பர் வேறு வேலையில் இருந்தார். மூன்றாம் நாள் சரிசெய்தார். நாலாம் நாள் காத்திருப்பு. ஐந்தாம் நாள் முடிந்தது. எடுத்ததிலிருந்து முடிந்ததுவரை 13 வேலை நாள். அதில் யாராவது ஒருவர் கை வைத்த நாள் 6. யாரும் தொடாமல் கிடந்த நாள் 7.

இது ஒரு ஸ்டோரியின் கதை என்றால் விட்டுவிடலாம். மற்ற ஸ்டோரிகளின் தேதிகளையும் பாருங்கள், கிட்டத்தட்ட எல்லாம் இதே பாதையில்தான் போயிருக்கின்றன. ஐந்தாம் நாள் டெஸ்டிங் பத்தியில் இரண்டு ஸ்டோரி. எட்டாம் நாள் ஒன்பது ஸ்டோரி. இரண்டு டெஸ்டர் கடைசி மூன்று நாளில் ஒன்பதைப் பார்க்கவேண்டும். அந்தப் பிள்ளைகள் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து எட்டாம் நாளிலிருந்து ஓடுகிறார்கள். முதல் வாரம் அவர்களுக்கு அவ்வளவு வேலை இல்லை. டெவலப்பர் இன்னும் வேகமாகக் கோட் எழுதினால் என்ன ஆகும்? ஒன்பது பன்னிரண்டாகும். முடிந்தது ஒன்றும் கூடாது.

ஜான் லிட்டில் என்ற பேராசிரியர் 1961-இல் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது. வரிசையில் சராசரியாக எத்தனை பொருள் நிற்கிறது என்பது, ஒரு நாளில் எத்தனை வெளியேறுகிறது என்பதையும் ஒன்று எத்தனை நாள் உள்ளே இருக்கிறது என்பதையும் பெருக்கினால் வருவது. வங்கி கவுன்டருக்கும் இதுதான், ஸ்பிரின்ட் போர்டுக்கும் இதுதான். நீங்கள் ஒரு ஸ்பிரின்ட்டில் சுமார் ஒன்பது ஸ்டோரி முடிக்கிறீர்கள், நாளுக்கு 0.9. ஒரே சமயத்தில் 14 ஸ்டோரியைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். 14-ஐ 0.9-ஆல் வகுத்தால் பதினைந்தரை நாள். பத்து நாள் ஸ்பிரின்ட்டில் பதினைந்தரை நாள் எடுக்கும் ஸ்டோரி எப்படி உள்ளே அடங்கும்? அதே டீம், அதே வேகம், ஒரே சமயத்தில் ஏழு ஸ்டோரி மட்டும் திறந்தால் எட்டு நாளுக்குள் முடியும். யாரும் ஒரு மணி நேரம்கூட அதிகம் உழைக்க வேண்டியதில்லை.

ஆகவே அடுத்த ஸ்பிரின்ட்டில் ஒரு கட்டுப்பாடு வையுங்கள். டெஸ்டிங் பத்தியில் நாலு ஸ்டோரி நின்றால் டெவலப்பர் யாரும் புது ஸ்டோரி எடுக்கக்கூடாது. ரிவியூ பத்தியில் இரண்டுக்கு மேல் நின்றால் முதலில் ரிவியூ. புது ஸ்டோரி எடுக்க முடியாத டெவலப்பர் டெஸ்டருக்குப் பக்கத்தில் உட்காரட்டும். போன் நம்பர் இல்லாத நோயாளி என்றால் என்ன ஆகும் என்பதை இருவரும் சேர்ந்து பார்த்திருந்தால் அந்த பக் முதல் வாரமே வெளியே வந்திருக்கும். ஆரம்பத்தில் டெவலப்பர்களுக்கு இது பிடிக்காது, சும்மா இருப்பதுபோலத் தோன்றும். நீங்கள்தான் உறுதியாக நிற்கவேண்டும்.

13 பாயின்ட் ஸ்டோரிகள் பற்றி ஒரு வார்த்தை. எட்டு ஸ்பிரின்ட்டில் நாலு முறை எடுத்திருக்கிறீர்கள், நாலும் கேரி ஓவர். 'பில்லை வங்காள மொழியிலும் அச்சடிப்பது' அதில் ஒன்று. மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் வந்து குவியும் ஊரில் இது எவ்வளவு அவசியம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது ஒரு ஸ்டோரி அல்ல. தலைப்புகளை மொழிபெயர்ப்பது ஒன்று, பி.டி.எஃப்-இல் கூட்டெழுத்து உடையாமல் வருவது ஒன்று, பழைய பிரின்டரில் எழுத்து தெளிவாக விழுவது ஒன்று. மூன்றாகப் பிரித்தால் முதல் ஸ்பிரின்ட்டிலேயே ஒன்று கிளையன்ட் கைக்குப் போகும். எட்டுக்கு மேல் எதையும் பிரிக்காமல் உள்ளே விடாதீர்கள்.

இப்போது டிவி டாஷ்போர்டு. தயவுசெய்து வேண்டாம். சாரிடம் நீங்கள் எவ்வளவு பணிவாகச் சொன்னாலும் சரி, ஆனால் இதில் மட்டும் இறங்கிப் போகாதீர்கள்.

உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது. சீனியர் அண்ணா 3, 4 பாயின்ட்தான் முடிக்கிறார் என்கிறீர்கள். அடுத்த வரியில், எல்லாரும் சந்தேகத்துக்கு அவரிடம் போகிறோம், ரிவியூ முழுக்க அவர்தான் என்கிறீர்கள். வாட்ஸ்அப் ஸ்டோரி ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் யாருக்காகக் காத்திருந்தது? அவருக்காகத்தான். ஐந்து டெவலப்பரின் வேலையும் அவர் ஒருவர் வழியாகத்தான் வெளியே போகிறது. டிவியில் அவர் பெயருக்கு எதிரே 4 என்று எழுதி நாள் முழுக்க ஓடவிட்டால் என்ன செய்வார்? மானமுள்ள மனிதர் யாரும் செய்வதைத்தான் செய்வார். ரிவியூவைத் தள்ளிவைத்துவிட்டு சொந்தமாக ஸ்டோரி எடுப்பார். அவருக்கு 9 ஆகும். இரண்டு நாள் காத்திருந்த ரிவியூ நாலு நாள் காத்திருக்கும். டீம் 27-இலிருந்து 20-க்கு இறங்கும். எம்.டி. பார்க்கும் டிவியில் மட்டும் அந்த அண்ணா முன்னேறியிருப்பார்.

மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பதும் தெரிந்ததே. எஸ்டிமேட் சொல்லும்போது 3 மெல்ல 5 ஆகும், 5 மெல்ல 8 ஆகும். யாரும் பொய் சொல்ல நினைத்துச் செய்யமாட்டார்கள். பாதுகாப்புக்காகக் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். இரண்டு மாதத்தில் உங்கள் டீம் 45 பாயின்ட் முடிக்கும், கிளையன்டுக்குப் போகும் வேலை அதே அளவில் இருக்கும். அதன் பிறகு நீங்கள் இப்போது எனக்கு அனுப்பியிருப்பதுபோல நம்பத்தகுந்த எட்டு எண்கள் உங்கள் கையில் இருக்காது. ஓர் அளவை வைத்து ஆளைக் கட்டுப்படுத்த ஆரம்பித்தால் அந்த அளவு நம்பகத்தை இழக்கும் என்பதை சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் பணக்கொள்கை பற்றிப் பேசும்போது 1975-இல் சொன்னார். அங்கே மட்டும் இல்லை, எங்கும் இப்படித்தான் நடக்கிறது. திட்டமிடுவதற்கு உண்மையான எண் வேண்டும். உண்மையான எண், அதைச் சொன்னால் தனக்கு ஆபத்தில்லை என்று நம்பும் டீமிடமிருந்துதான் வரும். உங்கள் கேள்வி முழுவதற்கும் என் பதில் இதன்மேல்தான் நிற்கிறது.

சென்னை டீமின் 60 பற்றிக் கவலையே வேண்டாம். ஸ்டோரி பாயின்ட் ஒவ்வொரு டீமும் தனக்குள் ஒப்பிட்டு வைத்துக்கொள்ளும் அளவு. அவர்கள் படியில் அளக்கிறார்களா, ஆழாக்கில் அளக்கிறார்களா என்று நமக்குத் தெரியாது. இரண்டு டீமையும் ஒப்பிட்டே ஆகவேண்டும் என்று சார் சொன்னால், ஒரு ஸ்டோரி எடுத்ததிலிருந்து கிளையன்ட் கைக்குப் போக எத்தனை நாள், போனபின் எத்தனை பக் திரும்பி வந்தது என்று கேட்கச் சொல்லுங்கள். நாளும் பக்கும் எல்லா ஊரிலும் ஒன்றே.

சாரிடம் காட்ட இன்னொரு ஆதாரம் வேண்டுமென்றால், ஸ்பிரின்ட் வைத்து வேலை செய்யும் ஸ்க்ரம் முறையின் கையேடான ஸ்க்ரம் கைடையே காட்டலாம். கென் ஷ்வாபரும் ஜெஃப் சதர்லாண்டும் எழுதிய அந்தக் கையேட்டில் 2011-இல் ஒரு திருத்தம் வந்தது. ஸ்பிரின்ட்டில் எடுக்கும் வேலைகளை டீமின் 'வாக்குறுதி' என்பதற்குப் பதிலாக 'முன்கணிப்பு' என்று மாற்றினார்கள். 2020 பதிப்பில், தங்கள் கடந்தகாலச் செயல்பாடு, வரப்போகும் நாட்களில் இருக்கும் ஆள் பலம், எது நடந்தால் 'முடிந்தது' என்ற வரையறை ஆகிய மூன்றும் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறதோ அவ்வளவு உறுதியாக முன்கணிப்பு செய்யலாம் என்று இருக்கிறது. ஆளுக்கு இத்தனை பாயின்ட் என்ற பேச்சே அதில் இல்லை. ஸ்டோரி பாயின்ட் என்ற சொல்லும்கூட இல்லை.

கடைசியாக ராணிப்பேட்டை. இதைத் தள்ளிப்போடாமல் இந்த வாரமே பேசவேண்டும். 120 பாயின்ட், ஸ்பிரின்ட்டுக்கு 40, மூன்று ஸ்பிரின்ட், ஜூலை கடைசி என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். உண்மைக் கணக்கு இப்படிப் பாருங்கள். எட்டு எண்களையும் எட்டுச் சீட்டில் எழுதுங்கள். ஒரு டப்பாவில் போட்டு ஒன்றை எடுங்கள், குறித்துக்கொள்ளுங்கள், திரும்ப உள்ளே போடுங்கள். 120 சேரும்வரை எடுங்கள். எத்தனை சீட்டு ஆனது? இதையே டீம் முழுக்க உட்கார்ந்து முப்பது, நாற்பது தடவை செய்யுங்கள். மான்ட்டி கார்லோ என்று பெரிய பெயர் வைத்திருப்பது இதைத்தான். எக்செல்லிலும் செய்யலாம், ஆனால் சீட்டு எடுத்தால் எல்லாருக்கும் புரியும். பெரும்பாலும் ஐந்தில் முடியும். சில சமயம் நாலில் முடியும், எப்போதாவது ஆறு ஆகும். மூன்றில் ஒரு தடவைகூட முடியாது; மிகப் பெரிய சீட்டான 33-ஐயே மூன்று முறை எடுத்தாலும் 99-தான்.

ஐந்து ஸ்பிரின்ட் என்றால் ஆகஸ்ட் கடைசி. நடுவில் ஆடி மாதம் இருக்கிறது. இதுவும் டீம் முழுக்க இந்த ஒரு வேலையை மட்டும் பார்த்தால். முடிந்தால் எம்.டி.யையும் சீட்டு எடுக்க உட்காரவையுங்கள். நாம் சொல்வதைவிட அவர் கையால் எடுத்த சீட்டை அவர் நம்புவார். பிறகு மருத்துவமனைக்கு இருவரும் சேர்ந்தே போய், ஜூலை கடைசிக்கு என்ன தரமுடியும் என்று பேசுங்கள். மூன்று ஸ்பிரின்ட்டில் எழுபது, எண்பது பாயின்ட் வேலை முடியும். க்ளெய்ம் பதிவு செய்வதும் முன்அனுமதிக்கு அனுப்புவதும் முதலில். நிராகரிக்கப்பட்ட க்ளெய்ம்களின் ரிப்போர்ட், மாதாந்திரக் கணக்கு எல்லாம் ஆகஸ்டில். அவர்களுடைய காப்பீட்டுப் பிரிவில் உட்காரும் அம்மாவிடம் நேரில் கேட்டால் எது இல்லாமல் ஒரு மாதம் சமாளிக்க முடியும் என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஜூலை 28-ஆம் தேதி போன் செய்து "முடியவில்லை" என்று சொல்வதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று சார் வியாபாரி, அவருக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை ரெட்ரோவில் (ஸ்பிரின்ட் முடிவில் நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் மீட்டிங்) இந்த எண்களை டீம் முன்னால் வையுங்கள், ஆள் பெயர் எதுவும் இல்லாமல். வாட்ஸ்அப் ஸ்டோரி நின்ற அந்த ஏழு நாளை போர்டில் வரைந்து காட்டி, இதை எப்படிக் குறைக்கலாம் என்று மட்டும் கேளுங்கள். ரிவியூவை இன்னொருவருக்கும் பழக்கவேண்டும் என்று அந்த அண்ணாவே முதலில் சொல்வார் என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை பிளானிங்கில் லீவைக் கூட்டி, 27-ஐ அதற்கேற்பத் திருத்தி, அந்த எண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முன்னதாக முடிந்துவிட்டால் பேக்லாக்கிலிருந்து அடுத்ததை எடுத்துக்கொள்ளத் தடை ஏதும் இல்லை. மூன்று ஸ்பிரின்ட் ஓடியபின் ஷீட்டை மறுபடி அனுப்புங்கள். முடித்த பாயின்ட்டுக்கு முன்னால், எட்டாம் நாளில் டெஸ்டிங் பத்தியில் எத்தனை ஸ்டோரி நின்றது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.